ராஜபாளையம் குட்டிக்கு முன்பணம் அனுப்பலாமா?

கேள்வி இதுதான்: மதுரை திருநகரில் சொந்த வீடு. கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். மகளுக்கு ராஜபாளையம் நாய்க்குட்டிதான் வேண்டுமாம். ஒருவர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருக்கிறார். 35 நாள் குட்டி, ஊசி போட்டாச்சு, பேப்பர் உண்டு, 3,000 ரூபாய் முன்பணம் போட்டால் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கே கொண்டுவந்து தருகிறேன் என்கிறாராம். வாங்கலாமா, நல்ல பிரீடரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முன்பணம் அனுப்பாதீர்கள். அவர் மோசடிக்காரர் என்று சொல்லவில்லை, ஒருவேளை நல்ல மனிதராகவும் இருக்கலாம். ஆனால் பஸ் ஸ்டாண்டில் வைத்து அட்டைப்பெட்டியோடு கைமாறும் குட்டிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வழியே இல்லை. தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் பார்க்க வேண்டாம் என்று நம் ஊரில் பெண் பார்ப்பதற்குச் சொல்வார்கள். பெண் விஷயத்தில் அது சரியா என்று நான் சொல்ல மாட்டேன், நாய் விஷயத்தில் முக்கால்வாசி சரி. குட்டியின் படத்தைப் பத்துப் பேர் அனுப்புவார்கள். தாய் எங்கே கிடக்கிறது, எப்படிக் கிடக்கிறது என்று காட்டத் தயாராக இருப்பவர் அதில் இரண்டு பேர் தேறினால் அதிகம்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. திருமங்கலம் பக்கம் எங்கள் தோட்டத்தில் முதன்முதலாக வந்த ராஜபாளையம், நான் கல்லூரி முடித்த வருஷம் வாங்கியது. விற்றவர் ஒரு டீக்கடை வாசலில் கூடையோடு நின்றார். பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, தேன் நிறக் கண். எல்லாரும் சொல்கிற லட்சணம் அத்தனையும் இருந்தது. கூடையில் மற்ற குட்டிகள் கத்திக்கொண்டிருக்க இது மட்டும் நிம்மதியாகத் தூங்கியது. "சாதுவான குட்டி தம்பி, வீட்டுக்கு ஏத்தது" என்றார். நானும் பெருமையாகத் தூக்கிக்கொண்டு வந்து முத்து என்று பேர் வைத்தேன்.

முத்து எதற்கும் அசரவில்லை. குக்கர் விசில் அடித்தால் மற்ற நாய்கள் தலை தூக்கும், முத்து தூங்குவான். தீபாவளிக்குத் தெருவில் சரவெடி வெடித்தபோது திண்ணையில் மல்லாந்து படுத்துக் கிடந்தான். பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்து, "ராஜபாளையம்னா இதுதான்ப்பா, பயம்னா என்னன்னே தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் அப்பத்தாதான் மறுநாள் அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டு சோற்றுத் தட்டைக் கரண்டியால் தட்டிப் பார்த்தது. மூன்று தடவை தட்டியது. "ஏய், இதுக்குக் காது கேக்கலடா" என்றது.

வெள்ளை நாயில் இது எதிர்பார்க்க வேண்டிய குறை. உள்காதில் நிறமிச் செல்கள் இருக்க வேண்டும். உடம்பின் தோலையும் முடியையும் நிறமில்லாமல் ஆக்கும் அதே மரபணு அங்கேயும் வேலை செய்துவிட்டால், காதுக்குள் ரத்த ஓட்டம் கெட்டு, பிறந்த சில வாரங்களிலேயே ஒலியை உணரும் செல்கள் மடிந்துபோகும். பிறகு மருந்தும் இல்லை, மாயமும் இல்லை. டால்மேஷன் என்கிற புள்ளி நாயினத்துக்கும் இதே தொல்லை உண்டு. ராஜபாளையத்தில் முழு வெள்ளையும் ரோஸ் மூக்கும் வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனம் சேர்த்ததால் அழகோடு சேர்ந்து இதுவும் வந்தது. ஈத்தில் செம்பழுப்புப் புள்ளியோடு ஒன்றிரண்டு குட்டி பிறப்பதும் உண்டு. அதைக் கழிவு என்று ஒதுக்குவார்கள், விலையும் குறைவாக வரும். எனக்குக் கேட்டால் அந்தப் புள்ளிக் குட்டியை எடுங்கள் என்பேன். காது கேட்கும் என்று உத்தரவாதம் கிடையாது, ஆனால் வாய்ப்பு கூடுதல்.

முத்து பதினோரு வருஷம் இருந்தான். நல்ல நாய்தான். ஒரே ஒரு தடவை கடித்தான், தூங்கும்போது பின்னால் வந்து தொட்ட பால்காரர் பையனை. முத்து மேல் தப்பில்லை, திடுக்கிட்டு விழித்தான். ஆனால் உங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருப்பதால் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

ஆகவே குட்டி பார்க்கப் போகும்போது ஒரு சாவிக்கொத்தைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். குட்டிகளை மொத்தமாக வைத்துச் சோதிக்காதீர்கள். செவிட்டுக் குட்டி மற்றவை திரும்பினால் தானும் திரும்பும், கண்டுபிடிக்கவே முடியாது. ஒன்றை மட்டும் தனியாக எடுத்து வரச் சொல்லி, அது வேறு பக்கம் பார்க்கும்போது, அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று சாவியைக் காற்றில் குலுக்குங்கள். தரையில் எதையும் போடக் கூடாது, காலைத் தட்டக் கூடாது. அதிர்வு பாதம் வழியாகத் தெரிந்துவிடும். கைதட்டினால் சில சமயம் காற்று படும், அதனால் தள்ளி நிற்பது நல்லது. காது விடைக்க வேண்டும், தலை திரும்ப வேண்டும். தூங்குகிற குட்டியிடம் செய்து பார்ப்பது இன்னும் நல்லது. ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இந்தச் சோதனையில் தப்பிவிடும். அதற்கு மூளையின் மின்னலையை அளக்கும் தனிக் கருவி வேண்டும். வீட்டு நாய்க்கு ஒரு காது போதும், ஆனால் அதை வைத்து ஈத்து எடுக்கக் கூடாது.

சரி, உங்களுக்கு வந்த செய்திக்கு வருகிறேன். அதில் எனக்கு முதலில் உறுத்தியது 35 நாள் என்பது.

2017ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் வளர்ப்பு மற்றும் விற்பனை விதிகள் இருக்கின்றன, 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தவை. அதன்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. 35 நாள் என்றால் ஐந்து வாரம். விற்கிறவர்கள் ஏன் அவசரப்படுகிறார்கள் என்றால், நாலாவது வாரத்திலிருந்து குட்டிகள் தாய்ப்பாலுக்கு மேல் தின்ன ஆரம்பிக்கும். எட்டுக் குட்டி இருந்தால் தீனிச் செலவு, பூச்சி மருந்து, ஊசி, கழுவித் துடைக்க ஆள் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். முப்பது நாளில் தள்ளிவிட்டால் அத்தனையும் வாங்குகிறவர் தலையில். "சின்னதா எடுத்தாத்தான் உங்ககிட்ட ஒட்டும்" என்று இதற்கு ஒரு வசனமும் வைத்திருப்பார்கள். அது பொய். எட்டு வாரத்தில் வந்த நாயும் ஒட்டும், ஒரு வயதில் வந்த நாயும் ஒட்டும். ஐந்திலிருந்து எட்டு வாரத்துக்குள் குட்டி கற்றுக்கொள்வது வேறு விஷயம். கூடப்பிறந்ததைக் கடிக்கும், அது கத்திக்கொண்டு விலகிப் போகும். தாயின் மடியைப் பல்லால் பதம் பார்க்கும், தாய் உறுமி எழுந்துவிடும். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்கிற கணக்கு அங்கேதான் வருகிறது. அதைக் கற்காமல் வந்த குட்டி, உங்கள் மகளின் கையில்தான் கற்றுக்கொள்ளும்.

அடுத்தது, ஊசி போட்டாச்சு. பிறந்த முதல் நாள் குடிக்கிற சீம்பாலில் தாயின் நோய் எதிர்ப்பு குட்டிக்குப் போகிறது. அது உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசியை வேலை செய்யவிடாது. அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் ஆரம்பித்து, மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை, பதினாறு வாரம் வரைக்கும் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். நாலு வாரத்திலேயே போடக்கூடிய ஊசியும் இருக்கிறது, ஆனால் அதைப் போட்டதோடு கதை முடியவில்லை. வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதத்தில். ஆகவே யாராவது ஊசி போட்டாச்சு என்றால், எந்த ஊசி, எந்தத் தேதி என்று கேளுங்கள். புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். மருந்துக் குப்பியிலிருந்து உரித்த ஸ்டிக்கர், அதில் பேட்ச் எண், பக்கத்தில் டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும். பேனாவால் தேதி மட்டும் எழுதிய அட்டையை நான் ஊசியாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன். பூச்சி மருந்து இரண்டாவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொடுத்திருக்க வேண்டும், அதையும் கேளுங்கள்.

பார்வோ என்று ஒரு வைரஸ் இருக்கிறது. குட்டி வாங்கி வந்த நாலாம் நாள் சாப்பிடாது, வாந்தி எடுக்கும், அப்புறம் ரத்தமாக வயிற்றால் போகும். நோய் தொற்றிய மூன்றிலிருந்து ஏழு நாளில் இது தெரியும். அதாவது உங்கள் வீட்டில் வந்தது போலத் தோன்றினாலும் அந்தக் கூடையிலேயே தொற்றியிருக்கும். விற்றவர் போனை எடுக்க மாட்டார். இந்த வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சோப்புப் போட்டுக் கழுவினால் சாகாது, பிளீச்சிங் கரைசல்தான் வேண்டும். உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ சமீபத்தில் குட்டி எதுவும் அப்படிச் செத்திருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு, ஊசிகள் முடிந்த குட்டியாக எடுப்பதுதான் உத்தமம்.

பேப்பர் விஷயம் சுருக்கமாக. கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தரும் சான்றிதழில் தாய், தகப்பன், அவற்றின் முன்னோர் பெயர்கள் இருக்கும். குட்டிக்கு மைக்ரோசிப் எண் இருக்கும். வம்சம் தெரியும், அவ்வளவுதான். காது கேட்கிறதா, இடுப்பு நன்றாக இருக்கிறதா என்று அந்தத் தாள் சொல்லாது. பேப்பர் உண்டு என்று சொல்லிவிட்டுப் பிறகு அனுப்புகிறேன் என்பவர் அனுப்பியதை நான் பார்த்ததில்லை.

இப்போது நல்ல இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது.

பல வருஷத்துக்கு முன்னால் என் மச்சானுக்குக் குட்டி பார்க்க ராஜபாளையத்துக்கு வெளியே ஒரு தென்னந்தோப்புக்குப் போனோம். போர்டு கிடையாது, கெனல், அதாவது நாய்ப்பண்ணை என்று பெயர் கிடையாது. பெரியவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தாய் டிராக்டர் டிரெய்லருக்கு அடியிலிருந்து குரைத்துக்கொண்டே வந்தது. அவர் "ஏ, சும்மா இரு" என்றதும் நின்றது. எங்களை ஒரு சுற்றுச் சுற்றி மோந்து பார்த்துவிட்டு அவர் கால் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது. குட்டிகளைக் காட்டுவதற்கு முன்னால் அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தார். சுவர் எத்தனை அடி? சொந்த வீடா, வாடகையா? பகல்ல யாரு இருப்பா? காலையில எத்தனை மணிக்கு எந்திரிப்பீக? இதுக்கு முன்னாடி வச்சிருந்த நாய் என்ன ஆச்சு? மாப்பிள்ளை வீட்டாரை விசாரிப்பது போல விசாரித்தார். மச்சான் ஆரப்பாளையத்தில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன் என்றார். "அப்ப குடுக்க மாட்டேன்யா. மோர் குடிச்சிட்டுப் போங்க" என்றார். மச்சானுக்கு வந்த கோபம் திருமங்கலம் வரும்வரை அடங்கவில்லை. நான் அடுத்த இரண்டு நாயையும் அந்தப் பெரியவரிடம்தான் எடுத்தேன்.

அந்தத் தாய் நடந்துகொண்ட விதத்தைக் கவனியுங்கள். நாட்டு இனத்துத் தாய், குட்டியோடு இருக்கும்போது, அந்நியரைப் பார்த்துக் குரைக்காவிட்டால்தான் அதிசயம். குரைப்பது குறை இல்லை. வீட்டுக்காரர் சொன்ன பிறகு அடங்குகிறதா, இல்லை வாலை இடுக்கிக்கொண்டு மூலையில் ஒண்டுகிறதா, இல்லை சங்கிலியை அறுத்துக்கொண்டு வருகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. அதன் விலா எலும்பு தெரியும், முடி கொட்டியிருக்கும், மடி தொங்கும். எட்டுக் குட்டிக்குப் பால் கொடுத்தவள் அப்படித்தான் இருப்பாள், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் கழுத்தில் சங்கிலி அறுத்த புண், காதுக்குள் கொத்தாக உண்ணி, ஈரத் தரையில் படுக்கை, காலித் தண்ணீர்ச் சட்டி, இதெல்லாம் வேறு கதை. தாய்க்கு எத்தனை வயது, இது எத்தனையாவது ஈத்து என்று கேளுங்கள். அந்த 2017 விதிகளின்படி பதினெட்டு மாதம் நிறையாத நாயை இனம் சேர்க்கக் கூடாது, ஒரு தாய் ஆயுளில் ஐந்து ஈத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. யோசிக்காமல் பதில் சொல்பவர் கணக்கு வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

தகப்பன் யார் என்பதும் முக்கியம். நம் பக்கத்து நாட்டு இனங்களில் எண்ணிக்கை குறைவு. ஒரே ஊரில் ஒரே கடுவனை, அதாவது ஆண் நாயை, வைத்துக்கொண்டு மகளோடும் பேத்தியோடும் சேர்த்துவிடுவது நடக்கிறது. "சுத்த லைன்" என்று பெருமையாகச் சொல்வார்கள். கேட்பதற்கு நன்றாக இருக்கும், குட்டிகள் நோஞ்சானாக வரும். தகப்பன் வேறு ஊர் நாய், கூட்டிக்கொண்டு போய் மேட்டிங் விட்டேன் என்று சொல்பவரிடம் எனக்கு நம்பிக்கை அதிகம்.

ஒரே இடத்தில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, லேப், பக், ஹஸ்கி என்று எல்லா இனமும் கிடைக்கும் என்றால் அது கடை. எப்போது கேட்டாலும் குட்டி ரெடி என்றாலும் கடைதான். நாயின் கர்ப்பகாலம் 63 நாள், அதன் மேல் எட்டு வாரம். ஒன்றிரண்டு தாய் வைத்திருப்பவரிடம் கேட்டால், "இப்ப இல்ல, மார்கழிக்கு மேல வாங்க" என்றுதான் பதில் வரும். அந்தப் பதில் வந்தால் நம்பரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 2005ல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது, அதில் ராஜபாளையமும் ஒன்று. அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலிப் பேச்சில் நம் நாட்டு இனங்களின் பெயரைச் சொன்ன பிறகு எனக்கே போன் மேல் போன் வந்தது, குட்டி இருக்கா, குட்டி இருக்கா என்று. அந்த அவசரத்தை நம்பித்தான் கூடைக்காரர்கள் பிழைக்கிறார்கள்.

நாய் விற்பனை செய்கிற பிரீடர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். கெனல் என்று போர்டு வைத்து, ஆண்டு முழுக்க விற்பவரிடம் அந்தச் சான்றிதழைத் தயங்காமல் கேளுங்கள். தோப்புக்காரப் பெரியவரிடம் அது இருக்காது. சட்டம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான், நான் அவருக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் சான்றிதழை மாட்டிவிட்டுப் பின்கட்டில் கூண்டுக்குள் நாலு தாயை அடைத்து வைத்திருந்தவரையும் பார்த்திருக்கிறேன். கண்ணால் பார்க்காமல் எந்தத் தாளையும் நம்பாதீர்கள் என்பதுதான் என் கட்சி.

போன இடத்தில் கூட்டம் கூடிவிட்டால் ஆளுக்கு ஒரு லட்சணம் சொல்வார்கள். காளைக்குச் சுழி பார்த்த பழக்கம் நமக்கு, நாயிலும் தேடுவோம். வாயைத் திறந்து அண்ணம் கறுப்பாக இருந்தால் ரோஷக்காரன் என்பார்கள். அண்ணத்தின் நிறத்துக்கும் குணத்துக்கும் சம்பந்தமே இல்லை. நகம் எண்ணுவார்கள். சாதாரணமாக நாய்க்கு 18 நகம், முன்காலில் ஐந்தைந்து, பின்காலில் நான்கு நான்கு. பின்காலில் உபரி விரல் இருந்தால் 20 வரும், அதில் வீரமும் இல்லை, அதிர்ஷ்டமும் இல்லை. உபரி நகம் தேயாமல் சுருண்டு சதையில் குத்தும், வெட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். எல்லாவற்றையும் விட மோசம், காதைப் பிடித்துத் தூக்கி, கத்தாத குட்டிதான் தைரியசாலி என்பது. வலித்தால் கத்துகிற குட்டிதான் ஆரோக்கியமான குட்டி. கோம்பை இன நாய் பார்க்கப் போனால் காதை வெட்டித் தரட்டுமா என்று கேட்பவர்களும் இருப்பார்கள். வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள், அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். "முயல் பிடிக்கும்" என்று வீடியோ காட்டி விலை ஏற்றுபவரிடமும் அதே. முயல் வேட்டை வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அந்த வீடியோவே சாட்சி.

குட்டியைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை இவை. ஈறு ரோஸ் நிறத்தில் ஈரமாக இருக்க வேண்டும், வெளிறிப் போயிருந்தால் பூச்சியோ உண்ணியோ ரத்தத்தைக் குடிக்கிறது. வயிறு பானை மாதிரி இருந்து முதுகெலும்பு தட்டுப்பட்டால் அதுவும் பூச்சிதான், கொழுகொழு என்று ஏமாறாதீர்கள். விரல் இடுக்கை விரித்துப் பாருங்கள், உண்ணி அங்கேதான் ஒளியும். மதுரைப் பக்கம் உண்ணிக் காய்ச்சல் நிறைய நாய்களைக் கொண்டுபோகிறது. தொப்புளில் மெத்தென்று ஒரு உருண்டை இருக்கிறதா, வால் அடியில் காய்ந்த கழிச்சல் ஒட்டியிருக்கிறதா, காதில் வாடை வருகிறதா, கண்ணில் பீளை கட்டியிருக்கிறதா. கடுவன் குட்டி என்றால் விதை இரண்டும் இறங்கியிருக்க வேண்டும். பல் பாருங்கள். எட்டு வாரத்துக் குட்டிக்குப் பால்பல் 28ம் அநேகமாக முளைத்திருக்கும். அறுபது நாள் என்று சொல்லிவிட்டு வாயில் அரைகுறையாகப் பல் இருந்தால் வயதில் பொய் சொல்கிறார்.

எந்தக் குட்டி என்பதில் ரொம்ப மண்டையை உடைக்க வேண்டாம். மகளைத் தரையில் உட்காரச் சொல்லுங்கள், கூப்பிட வேண்டாம். எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு முதலில் வந்து பாவாடையைக் கடித்து இழுப்பது ஒன்று இருக்கும், அதுதான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். முதல் தடவை நாய் வளர்க்கிற வீட்டுக்கு அது வேண்டாம். மூலையைவிட்டு வராததும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில், வந்து மோந்துவிட்டுப் போய்த் திரும்பவும் வருகிற குட்டி. இப்போது பையிலிருந்து சாவியை எடுத்துக் கொஞ்சம் தள்ளித் தரையில் போடுங்கள். இது காதுக்கு இல்லை, மனசுக்கு. திடுக்கிடும், திடுக்கிடட்டும். பத்து எண்ணுவதற்குள் பக்கத்தில் போய் சாவியை மோந்து பார்த்தால் நல்ல குட்டி. நீங்கள் ஒரு மணிநேரம் பார்த்ததைவிட இரண்டு மாதம் பார்த்தவருக்கு அதிகம் தெரியும், அதனால் அவரிடமும் எது சாந்தமானது என்று கேளுங்கள். முடிந்தால் இரண்டு தடவை போங்கள். முதல் தடவை மகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அவள் கையில் குட்டியைக் கொடுத்துவிட்டால் அதற்கப்புறம் நீங்கள் எந்தக் கேள்வியும் கேட்க மாட்டீர்கள்.

பொட்டை என்றால் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். நம் பக்கம் எல்லாரும் கடுவனைத்தான் கேட்கிறார்கள், அதனால் பொட்டைக் குட்டிகள் கண்மாய்க் கரையிலும் பைபாஸ் ஓரத்திலும் போய்ச் சேருகின்றன. வீட்டில் பிள்ளைகளோடு பொட்டை நன்றாகவே இருக்கும், ஊர் சுற்றாது, கருத்தடை செய்துவிட்டால் தொல்லையும் இல்லை. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் உடம்பில் கொழுப்பு இல்லாத ஒடிசல் இனங்கள். சில மயக்க மருந்துகள் இவற்றுக்குச் சீக்கிரம் தெளியாது. அறுவைக்குப் போகும்போது டாக்டரிடம் இன்ன இனம் என்று சொல்லிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. திருநகர் வீட்டுக்கு ராஜபாளையம் சரியா? சுற்றுச்சுவர் ஆறடி இருந்து, தினமும் காலையில் ஒரு மணிநேரம் நடத்திக்கொண்டு போக வீட்டில் ஒரு பெரியவர் இருந்தால் சரி. மகள் கூட்டிக்கொண்டு போவாள் என்று கணக்குப் போடாதீர்கள். வளர்ந்த நாய் ஆளை இழுத்துக்கொண்டு ஓடும். திருப்பரங்குன்றம் கிரிவலப் பாதையில் குரங்கையோ ஆட்டையோ பார்த்துவிட்டால் உங்களாலேயே பிடிக்க முடியாது. துரத்துவதற்கென்றே பிறந்த இனம், அதைத் திட்டிப் பயனில்லை. வீட்டு ஆட்களிடம் உயிரை விடும், வந்து போகிற உறவினரை அத்தனை சீக்கிரம் ஏற்றுக்கொள்ளாது. பிள்ளைகளின் நண்பர்கள் ஓயாமல் வந்து போகிற வீடு என்றால் யோசியுங்கள். அப்படிப்பட்ட வீட்டுக்கு லேப் பழகும், ஆனால் அதற்குத் தாய் தகப்பன் இரண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரே கேட்க வேண்டும். இரண்டும் வேண்டாம் என்றால் உங்கள் தெருவிலேயே நாலு குட்டி பிறந்திருக்கும், அதில் ஒன்று இந்த வெயிலுக்கும் வீட்டுக்கும் நன்றாகப் பொருந்தும். பனிப்பிரதேச நாயான ஹஸ்கி பற்றி யாராவது பேசினால் சித்திரை மாதத்து மதியம் ஒரு மணிக்கு அவரை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசுங்கள்.

எல்லாம் ஒத்து வந்து குட்டியை எடுப்பதாக முடிவானால் ஒரு வெள்ளைத் தாளிலாவது எழுதி வாங்குங்கள். குட்டி பிறந்த தேதி, கொடுத்த ஊசி, கொடுத்த பூச்சி மருந்து, மூன்று நாளுக்குள் டாக்டர் குறை சொன்னால் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று ஒரு வரி. வளர்க்க முடியாத நிலை வந்தால் எந்த வயதிலும் என்னிடம் கொண்டுவாருங்கள் என்று தானாகச் சொல்பவர் கிடைத்தால் விலையில் பேரம் பேசாதீர்கள். அங்கே என்ன சாப்பிட்டதோ, கம்பங்கூழோ கேப்பையோ சோறு முட்டையோ, அதையே ஒரு வாரம் கொடுங்கள். பிறகு மெதுவாக மாற்றலாம்.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியாக உங்கள் வீட்டுக்கு இரண்டு மணிநேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். கிளம்புவதற்கு மூன்று மணிநேரம் முன்னால் தீனி நிறுத்தச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கல்லுப்பட்டிக்குள் சீட்டெல்லாம் வாந்தி. பழைய துண்டு ஒன்றைத் தாயின் மேல் தேய்த்து எடுத்துக்கொள்ளுங்கள், ராத்திரி அழும்போது அந்த வாடை போதும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்க நிறுத்துவீர்கள், நிறுத்தாமல் போக முடியாது. குட்டியைக் காரைவிட்டு இறக்காதீர்கள், ஊர் நாய்கள் போய்வருகிற மண்ணில் கால் வைக்கவே வேண்டாம். பின்சீட்டில் மகள் விரல் நுனியில் கொஞ்சம் தொட்டு ஊட்டப் பார்ப்பாள், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வாட்ஸ்அப் நண்பருக்கு இன்று ராத்திரியே ஒரு செய்தி போடுங்கள்: "ஞாயிற்றுக்கிழமை நாங்களே வருகிறோம், தாயைப் பார்க்க வேண்டும், இடம் அனுப்புங்கள்." இடம் வந்தால் சாவிக்கொத்தோடு கிளம்புங்கள்.